சத்தம் தாங்காதவர்களுக்கு இயர்மஃப்: தலை முழுவதையும் வைத்து எழுதிய விமர்சனம்

தொழிற்சாலையிலும் கட்டடம் கட்டும் இடத்திலும் வேலை செய்பவர்கள் காதில் மாட்டியிருப்பார்களே, இரண்டு பக்கமும் கிண்ணம், மேலே ஒரு வளைந்த பட்டை, அந்த இயர்மஃப் பற்றித்தான் இந்த விமர்சனம். பேட்டரி கிடையாது, ப்ளூடூத் கிடையாது, பாட்டு வராது. நான் ஆட்டிசம் உள்ள பெண். பெரியவளான பிறகுதான் அது உறுதியானது. சத்தத்துக்காக நான் வாங்கியவற்றில் ஃபோம் இயர்பிளக் உண்டு, சிலிகான் இயர்பிளக் உண்டு, விலை கூடிய நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோனும் உண்டு. இவற்றில் தினமும் என் பையில் கிடப்பது இந்த இயர்மஃப்தான்.

இதற்கு ஏற்கெனவே ஏகப்பட்ட விமர்சனங்கள் இருக்கின்றன. டிரில் மெஷினுக்கு நல்லது, புல்வெட்டும் இயந்திரத்துக்கு நல்லது, இத்தனை டெசிபல் குறைக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு அது போதும். எங்களுக்குப் போதாது. காதுக்கு என்று வாங்கினாலும் அதை மாட்டுவது தலையில். அது மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, தோலில் ஒட்டுகிறது, மண்டையை அழுத்துகிறது, அசைந்தால் சத்தம் போடுகிறது. காதைக் காப்பாற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் தொந்தரவு செய்தால் என்ன பயன்? அதனால் டெசிபல் கணக்கைக் கடைசியில் வைத்துக்கொண்டு, என் உடம்பு எந்த வரிசையில் இதைச் சந்தித்ததோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். சத்தம் தாங்காது என்றால் பலரும் பெரிய சத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அளவு மட்டும் பிரச்சினை இல்லை. ஒரு கூட்டத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால், பேசுகிறவரின் குரல், ஏசியின் இரைச்சல், ஒருவர் பேனாவின் பொத்தானை அழுத்தி அழுத்தி விடும் டிக் டிக், வெளியே நாற்காலியை இழுக்கும் கிரீச், எல்லாம் சமமாக வந்து நிற்கும். இதில் எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துக் கொடுக்கும் வேலையை மற்றவர்களுக்கு மூளை தானாகவே செய்துவிடுகிறது. நான் அதை உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. கூட்டம் முடியும்போது பேசிய விஷயம் நினைவில் இருக்கும், ஆனால் பதில் பேச வாயில் சொல் இருக்காது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில்தான் புலன்கள் அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்ந்தது. அதற்கு முன்பும் எங்கள் காது இப்படித்தான் இருந்தது. அதைச் சொன்னால் பிடிவாதம், செல்லம், கோபம் என்று வேறு வேறு பெயர் வைத்தார்கள்.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. புது பிளாஸ்டிக்கும் கிண்ணத்துக்குள் இருக்கும் ஃபோமும் சேர்ந்த ஒரு நெடி. யாருமே இதை விமர்சனத்தில் எழுதுவதில்லை, ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். எனக்கு அது தலைவலியாக மாறும் வாசனை. கிண்ணத்துக்குள் இருக்கும் ஃபோம் தட்டையும் காதைச் சுற்றி வரும் குஷனையும் கழற்ற முடிகிற மாடல் என்பதால், இரண்டையும் தனியாக எடுத்துக் காற்றோட்டமான நிழலில் வைத்தேன். வெயிலில் வைக்க வேண்டாம், குஷன் இறுகிவிடும். வாசனைத் திரவமோ சென்ட் கலந்த துடைப்பானோ போட்டு நெடியைப் போக்கவும் பார்க்காதீர்கள், அப்புறம் இரண்டு வாசனையும் சேர்ந்துகொள்ளும். நெடி முழுக்கப் போகப் பொறுமை வேண்டும். பரபரவென்று அன்றைக்கே மாட்டிக்கொண்டு வெளியே போகலாம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

அடுத்து தோல். குஷனின் மேலுறை வழவழப்பான செயற்கைத் தோல். குளிர்ந்த அறையில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் புழுக்கமான இடத்துக்குப் போனால் காதைச் சுற்றி வியர்த்து, ஒட்டி, கழற்றும்போது தோலை விட்டு உரிந்து வருகிற அந்த ஒரு நொடி எனக்குப் பல்லைக் கூச வைக்கிறது. இதற்கு மெல்லிய துணி உறை தனியாகக் கிடைக்கிறது. குஷன் மேல் சட்டை மாதிரி மாட்டிவிடலாம். பருத்தி உறை போட்டதும் ஒட்டுவது நின்றது. ஆனால் துணிக்கும் தோலுக்கும் நடுவே சின்ன இடைவெளி விழுவதால் சத்தம் அடைப்பது கொஞ்சம் குறைகிறது. நான் உறை போட்டுத்தான் பயன்படுத்துகிறேன். முழு அமைதி கிடைத்தும் அதை நான்கு நிமிடம்கூடத் தாங்க முடியாவிட்டால் எதற்கு?

இனி அழுத்தம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வாங்கலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் இதில்தான் முடிவாகும். சத்தம் உள்ளே புகாமல் இருக்க வேண்டுமென்றால் குஷன் தலையோடு இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அதற்காகப் பட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது. எங்களில் சிலருக்கு இந்த இறுக்கமே ஆறுதல். ஆழமான, சீரான அழுத்தம் உடம்பைச் சாந்தப்படுத்தும் என்பது எங்களில் பலருக்கு அனுபவத்தில் தெரிந்தது. ஆட்டிசம் உள்ள கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், மாடுகளுக்கு ஊசி போடும்போது பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கும் சட்டத்தைப் பார்த்துவிட்டு, தனக்கென்று ஓர் அழுத்தும் இயந்திரத்தை 1960களில் தானே செய்துகொண்டார். மெல்லத் தொட்டால் துள்ளும் உடம்பு, அழுத்திப் பிடித்தால் அடங்குகிறது. எனக்கும் அப்படித்தான். தோளில் லேசாக விரல் பட்டால் அந்த இடம் வெகுநேரம் எரியும். இயர்மஃப் இறுக்கிப் பிடித்தால் முதல் கொஞ்ச நேரம் கண்கள் தாமாகத் தளர்கின்றன.

ஆனால் நேரம் போகப் போக அதே இறுக்கம் தாடைக்கு மேலே, காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் வலியாகத் தேங்குகிறது. புதிதாக இருக்கும்போது இது இன்னும் அதிகம். தலை அகலத்துக்கு அடுக்கிய புத்தகங்களின் மேல் ஓர் இரவு மாட்டி வைத்தால் பட்டை கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. அளவுக்கு மீறி விரித்துவிட்டால் பிடிமானமே போய்விடும், அப்புறம் அது வெறும் அலங்காரம். உச்சந்தலையில் பட்டை படும் இடத்தில் மெத்தை இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் வைத்திருப்பது 180 கிராம் எடை. 300 கிராமை நெருங்கும் மாடல்களும் உண்டு, அவை நிறையச் சத்தத்தை அடைக்கும். அவற்றை மாட்டிக்கொண்டு குனிந்து எழுதினால் கழுத்து சொல்லிவிடும்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கண்ணாடியின் கால் தடிமனாக இருந்தால் குஷன் அதன் மேல் ஏறி நின்று, பக்கத்தில் காற்று புகும் சந்து உண்டாகும். சத்தமும் அதே சந்து வழியாக வரும். அதோடு கண்ணாடிக் காலை மண்டையோடு சேர்த்து நசுக்கும். மெல்லிய கம்பிக் கால் உள்ள கண்ணாடி இதற்குச் சரியாக வருகிறது. கம்மல், ஹேர் கிளிப், பக்கவாட்டில் போட்ட பின்னல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பட்டையும் கிண்ணமும் சேரும் மூட்டில் சில மாடல்கள் கிரீச்சிடும். தலையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் பிளாஸ்டிக் வழியாக நேராக மண்டைக்குள் வரும். வெளிச் சத்தம் குறைந்திருப்பதால் அது இன்னும் பெரிதாகக் கேட்கும். கடையில் வாங்குவதாக இருந்தால் மாட்டிக்கொண்டு இல்லை, இல்லை என்று நன்றாகத் தலையை ஆட்டிப் பாருங்கள். என்னுடையது உலோகக் கம்பியில் கிண்ணம் தொங்கும் வகை, இதுவரை முனகவில்லை.

இப்போது சத்தம். ஐரோப்பியத் தரமான இஎன் 352-இன்படி வரும் பெட்டிகளில், மொத்தத்தில் எத்தனை டெசிபல் குறையும் என்று சொல்லும் எஸ்என்ஆர் என்ற ஓர் எண் பெரிதாகப் போட்டிருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் எச், எம், எல் என்று மூன்று எண்கள் இருக்கும். எனக்கு உபயோகமானவை அந்தச் சின்ன எழுத்து எண்கள்தான். எச் என்பது கீச்சென்ற உயர் ஓசை, எம் என்பது நடுத்தரம், எல் என்பது ஆழமான தாழ்ந்த ஓசை. என்னுடையதில் எஸ்என்ஆர் 27, எச் 32, எம் 25, எல் 15. அதாவது பாத்திரம் விழும் சத்தம், பிரேக் போடும் கிறீச், விசில் இவையெல்லாம் நன்றாக அடங்கும். பஸ் இன்ஜின், ஜெனரேட்டர், பெரிய ஸ்பீக்கரின் டம் டம் இவை அவ்வளவு அடங்காது. பொதுவாக 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும் என்பார்கள், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பெட்டிகளில் என்ஆர்ஆர் என்று வேறோர் எண் இருக்கும். அளக்கும் முறை வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

உங்களுக்கு எந்தச் சத்தம் வலிக்கிறது என்பது தெரிந்தால்தான் இந்த எண்களால் பயன். எனக்கு வலிப்பது திடீரென்று வெடிக்கும் கூர்மையான ஓசை. கதவு அறைவது, ஸ்டீல் தட்டு விழுவது, குழந்தை வீரிட்டு அழுவது, பொதுக் கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின். மஃப் போட்டிருக்கும்போது இவை கேட்காமல் போவதில்லை. ஆனால் அவற்றின் முனை மழுங்கிவிடுகிறது. அடுத்த அறையில் யாருக்கோ நடப்பது போல ஆகிவிடுகிறது. உடம்பு தூக்கிவாரிப் போடுவதில்லை. கை உலர்த்தும் மெஷின் இருக்கும் கழிப்பறைக்குள் போகவே கூடாது என்பதற்காக வெளியே போனால் தண்ணீர் குடிக்காமல் இருந்த காலம் எனக்கு உண்டு. இப்போது வாசலில் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வருகிறேன். இந்த ஒரு காரணத்துக்காகவே இதற்குக் கொடுத்த காசு தகும்.

ரேட்டிங் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பொருள்கள் செவித்திறன் கெடாமல் காக்க உருவானவை. எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக 85 டெசிபல் என்பதுதான் தொழில் பாதுகாப்பில் பரவலாக வைக்கும் எல்லை. எங்களுக்கு வேதனை தரும் பேனா டிக் டிக்கெல்லாம் அதற்கு வெகு கீழே இருப்பவை. அதற்கு நடுத்தர ரேட்டிங் உள்ள, எடை குறைந்த மஃப் தாராளமாகப் போதும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் வேறொன்று தொடங்குகிறது. சொந்த உடம்பின் சத்தம். விழுங்குவது, மெல்லுவது, நடக்கும்போது குதிகால் தரையில் படுவது எல்லாம் உள்ளே முழங்கும். காதுக் குழலை அடைக்கும் பிளக்கில் இது அதிகம், பெரிய கிண்ணத்துக்குள் காற்று இருக்கும் மஃப்பில் குறைவு. சாப்பிடும்போது எனக்கு மஃப்தான் சரி, பிளக் போட்டால் வாயில் வைத்ததை மெல்ல முடியாது.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோனையும் இதையும் வைத்துப் பலர் கேட்கிறார்கள். அது வேலை செய்யும் விதம் வேறு. வெளியே வரும் ஒலியை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே அனுப்பி ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. 1978இல் ஒரு விமானப் பயணத்தில்தான் போஸ் ஆடியோ நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு இந்த மாதிரி ஹெட்ஃபோன் செய்யும் யோசனை வந்தது. இந்த நுட்பத்தின் பலமும் அங்கேதான். விமானம், ரயில், ஏசி, மின்விசிறி என்று விடாமல் ஒரே மாதிரி இரையும் தாழ்ந்த ஓசையைத் துடைத்து எடுத்துவிடுகிறது. என் மஃப் கோட்டை விடும் இடத்தில் அது ஜெயிக்கிறது. ஆனால் தட்டு விழும் திடீர் சத்தத்தை அதனால் அதே அளவுக்குப் பிடிக்க முடிவதில்லை. பின்னணி இரைச்சல் போய்விட்டதால் அந்தத் தட்டு இன்னும் பளிச்சென்று கேட்கிறது. அதோடு ஆன் செய்ததும் காதை அடைப்பது போன்ற ஓர் உணர்வு வருகிறது. பலருக்கு வருவதில்லை, எனக்கு வருகிறது. மெலிதான உஸ் சத்தமும் கேட்கிறது. நெரிசலின் நடுவில் பேட்டரி தீர்ந்து, இரைச்சல் முழுவதும் ஒரே நொடியில் திரும்பி வந்தால் என் நாள் அதோடு முடிந்தது. நீண்ட பயணத்துக்கு அதை வைத்திருக்கிறேன், அன்றாடத்துக்கு இல்லை.

ஃபோம் பிளக்கைச் சுருட்டி, காது மடலை மேலே பின்னால் இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, விரியும் வரை விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சரியாக வைத்தால் மஃப்பைவிட நன்றாகவே அடைக்கும். உள்ளே அது மெல்ல மெல்ல விரிகிற உணர்வை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். தூங்கும்போது ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு மஃப் உதவாது, பிளக்தான் வழி. பேச்சு கேட்க வேண்டும், ஆனால் கூர்மை குறைய வேண்டும் என்பவர்களுக்கு வடிகட்டி வைத்த சிலிகான் பிளக் பொருத்தமாக இருக்கலாம்.

மஃப் கண்ணுக்குத் தெரியும் பொருள் என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது சாதகமாகத்தான் இருக்கிறது. இதைப் போட்டிருப்பவள் இப்போது பேச்சுக்குத் தயாராக இல்லை என்பது பார்த்ததும் புரிகிறது. "மேடம், என்ன பாட்டு கேக்குறீங்க?" என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார். பாட்டு இல்லை, சத்தம் தாங்காது, அதற்காகத்தான் என்றேன். "அப்படியா, நான் கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடறது?" என்று அடுத்துக் கேட்டார். இப்படி ஒருவர் கேட்டால் எவ்வளவு நிம்மதி தெரியுமா! என் பார்வையில் படுகிற மாதிரி முன்னால் வந்து கை அசைக்கச் சொன்னேன். பின்னாலிருந்து தோளைத் தொடுவது வேண்டாம். வீட்டிலும் இதே ஏற்பாடுதான். அம்மா முதலில் சங்கடப்பட்டார், "நான் பேசறது கேக்கக்கூடாதுன்னா மாட்டிக்கறே?" என்று கேட்டார். "இல்லம்மா, உன் குரல் மட்டும் கேக்கணும்னுதான்" என்றேன். மிதமான ரேட்டிங் உள்ள மஃப்பில் பக்கத்தில் நின்று பேசுவது மங்கலாகக் கேட்கத்தான் செய்யும்.

நாள் முழுக்கப் போட்டுக்கொள்ளாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அமைதியான அறையில்கூட எப்போதும் காதை மூடியே வைத்திருந்தால், குறைந்த ஒலிக்குப் பழகி மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும், பிறகு சாதாரண ஓசையே பெரிதாகத் தோன்றும் என்று செவித்திறன் நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். எனக்கு எந்த இடம் கஷ்டம் என்று தெரியும், அங்கே மாட்டுகிறேன், வெளியே வந்ததும் கழுத்தில் இறக்கிவிடுகிறேன். சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் கட்டாயம் கழற்றிவிடுவேன். சத்தத்தோடு காதில் வலியோ இரைச்சலோ புதிதாகத் தொடங்கினால் பொருள் வாங்குவதை நிறுத்திவிட்டு முதலில் காதைக் காட்டுங்கள்.

குழந்தைகளுக்கு வாங்குகிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர்களின் மஃப் குழந்தைகளின் தலையில் இறுக்கமும் சரியாக இருக்காது, எடையும் அதிகம், சிறுவர் அளவு தனியாக உண்டு. முதல் தடவையே சந்தை, திருவிழா, கல்யாண மண்டபம் போன்ற நெரிசலில் மாட்டிவிடாதீர்கள். வீட்டில் விளையாட்டுப் பொருளோடு பொருளாகக் கிடக்கட்டும். அவர்களே எடுத்து மாட்ட வேண்டும், அவர்களே கழற்றவும் முடிய வேண்டும். பிடித்து வைத்து மாட்டினால், சத்தத்துக்குப் பதிலாக மஃப்பையே பயப்படத் தொடங்கிவிடுவார்கள். பேச்சு வராத குழந்தை அதைக் கழற்றி எறிந்தால் அதுதான் அதன் பதில். இறுக்கமா, வாசனையா, வியர்வையா என்று தேடிப் பாருங்கள்.

இதோடு சேர்த்து எடைப் போர்வையும் (உள்ளே பாரம் வைத்துத் தைத்த போர்வை) வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2014இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எடைப் போர்வையால் கூடுதல் நேரம் தூங்கவில்லை. ஆனால் சாதாரணப் போர்வையைவிட அதையே குழந்தைகளும் பெற்றோரும் விரும்பினார்கள். என் அனுபவமும் அதுதான், தூக்கம் வராவிட்டாலும் படுத்திருப்பது சுகமாகிறது. தானாக விலக்க முடியாத யார் மேலும், கைக்குழந்தை மேலும் அதைப் போடக் கூடாது.

இயர்மஃப்புக்குத் திரும்புகிறேன். என் புகார் குஷனைப் பற்றியது. வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் பட்டு அது மெல்ல இறுகுகிறது, பிறகு விரிசல் விடுகிறது. விரிசல் விட்ட விளிம்பு காதில் குத்தும், சத்தமும் உள்ளே வரும். தினமும் பயன்படுத்தினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது குஷனும் உள்ஃபோமும் மாற்றச் சொல்கிறார்கள். வேறொரு மாடலுக்கு அந்த மாற்றுக் குஷன் கிடைக்கவே இல்லை, நன்றாக இருந்த பட்டையையும் கிண்ணத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பழகிப்போன அழுத்தத்தை, பழகிப்போன வாசனையை இழந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அதனால் வாங்கும் முன்பே அதே மாடலுக்கு மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள், கிடைத்தால் அன்றைக்கே ஒரு ஜோடி சேர்த்து வாங்கி, அட்டைப் பெட்டியைத் திறந்து வைத்து, அந்த நெடி போகும்படி அலமாரியில் போட்டு வையுங்கள்.